எந்தக் கை, எந்தச் சக்கரம்

வாய்மொழிக் கதைகளைத் திரட்டுவதைத் தொழிலாகக் கொண்டவன், எதையும் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புவதில்லை. ஒரே கதையை ஊருக்கொரு விதமாகச் சொல்வார்கள். அத்தனையையும் பொறுமையாகப் பதிவுசெய்துகொண்டு, இன்னார் சொன்னது சரி, இன்னார் சொன்னது பிழை என்று வாய் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் ஒழுக்கம். கல்லூரியில் பாடம் சொன்ன காலத்தில் இதை மாணவர்களுக்குக் கண்டிப்பாகப் போதித்தேன். ஓய்வுபெற்ற பிறகு, இதே ஒழுக்கத்தைத் துணையாகக் கொண்டு, போத்தனூரில் என் வீட்டு முன்னறையில் ஒரு சைக்கிள் பூட்டினேன். வீட்டில் எதையேனும் தாமே பூட்டி முடித்து, மிஞ்சிய திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு என் துன்பம் விளங்காது.

வெறும் ஃபிரேமை வாங்கி வீட்டிலேயே முழு வண்டியாகக் கட்டிவிட முடியும் என்னும் செய்தியை நான் முதலில் கேட்டது சென்ற ஆவணியில், வெள்ளகோவிலில், ஒரு கல்யாணப் பந்தியில். சொன்னவர் என் மனைவியின் தம்பி தங்கவேலு. அவ்வூரில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். தமக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கட்டியதாகச் சொல்லிவிட்டு, அதற்கெல்லாம் வேலைசெய்து பழகிய கை வேண்டும், பேனா பிடிக்கிற கை ஆகாது என்று என் இலையைப் பார்த்துக்கொண்டே சேர்த்தார். நான் பாயசத்தை விழுங்கிவிட்டு, நானே கட்டுகிறேன் என்றேன். எதிர்வரிசையில் என் மனைவி வளர்மதி நிமிர்ந்து பார்த்தார்.

அவர் நிமிர்ந்ததற்குக் காரணம் உண்டு. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஸ்கூட்டரிலேயே போய்வந்தவர் அவர். ஈராண்டுக்கு முன் ஜல்லி கொட்டியிருந்த வளைவில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டுப் பிரிக்கும் முன்பே உறவினர் கூடிப் பேசி ஸ்கூட்டரை விற்றுவிட்டார்கள். அன்றுமுதல் ஆட்டோவின் பின்னிருக்கைதான். காலை நடையில் பழக்கமான சில பெண்கள் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போகும் பயணத்தில் இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கடைகளில் இருந்த வண்டிகள் எல்லாம் அவர் உயரத்துக்குப் பெரியவை. அவர் அளவுக்கு ஒரு ஃபிரேம் மட்டும், தனியாக, விலைக்கு வந்திருந்தது. அதே பந்தியில் தங்கவேலு ஒரு நிபந்தனை போட்டார்: அக்கா ஓட்டட்டும், ஆனால் ஒருதரம் விழுந்தாலும் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என் மனைவி எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். அவ்வாறாக, நான் பூட்டப்போகும் வண்டியில் ஏறப்போகிறவருக்கு விழுவதற்கு ஒரு வாய்ப்புக்கூட இல்லை.

பெட்டியில் இல்லாதவை

ஃபிரேம் ஆட்டோவில் வந்து இறங்கியது. பெட்டியின் அகலத்தைக் கண்டு, உள்ளே பெரும்பகுதி வண்டி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அட்டையைப் பிரித்தால், நீலநிறக் குழாய்களால் ஆன ஒரு முக்கோணம்; அதன் வாலில் ஒரு சிறு முக்கோணம்; தனியே, முன்சக்கரத்தைத் தாங்கும் கவைபோன்ற ஃபோர்க். அவ்வளவுதான். சக்கரம் இல்லை, பெடல் இல்லை, உட்காரச் சீட்டு இல்லை. மற்றவை வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு பார்சல்களில், தம் விருப்பம்போல் வந்துசேரும் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

ஒற்றை விரலால் ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது. அது எனக்கு நம்பிக்கையைத் தருவதற்குப் பதிலாகக் கலக்கத்தைத் தந்தது. இவ்வளவு இலேசான பொருள் ஒரு மனிதரைத் தாராபுரம்வரை சுமக்குமா? பக்கத்து வீட்டுக் குழந்தைசாமி சத்தம் கேட்டு வந்தார். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எடை தெரிந்தவர். முக்கோணத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அட்டையைக் கவிழ்த்தும் தட்டினார். பிறகு, துக்க வீட்டில் விசாரிக்கும் குரலில் கேட்டார்:

“ஏனுங்க சார், மிச்ச வண்டி எப்பங்க வருது?”

வலப்பக்கத்துத் திருகு

பெடல்கள் சுழலும் அச்சை ஃபிரேமின் அடிவயிற்றில் பொருத்த வேண்டும். கடைக்காரர்கள் இதைப் பி.பி. என்பார்கள். இதை இருபுறமும் திருகி இறுக்க வேண்டும். இடப்பக்கம் எப்போதும் போல. வலப்பக்கம் எப்படி என்பதில்தான் பாடபேதம் தொடங்கியது. உலகத்தில் எல்லாத் திருகும் ஒரே பக்கம்தான் இறுகும் என்றார் குழந்தைசாமி. இணையக் காணொளிகளில் பேசியவர்கள், வலப்பக்கம் மட்டும் தலைகீழ் என்றார்கள். அவர்களிலும் ஒருவர், சில நாட்டு ஃபிரேம்களில் அப்படி இல்லை என்று இறுதியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறைந்துவிட்டார்.

உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அபுதாகிர் பாயிடம் போனேன். ஃபிரேமைப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் தலைகீழ்தான் என்றார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே கதையை அதே கதைசொல்லியிடம் வேறொரு நாளில், முன்பு கேட்டதே இல்லைபோல, மறுபடி கேட்போம், மாறுகிறதா என்று பார்ப்பதற்காக. அடுத்த வாரம் ஃபிரேம் இல்லாமல் போய்ப் பொதுவாகக் கேட்டேன். எல்லாத் திருகும் ஒரே பக்கம்தான் சார் என்றார். நான் இரண்டையும் பதிவுசெய்துகொண்டேன். ஒரே கதைசொல்லியிடம் இரு வடிவம் கிடைப்பது ஆய்வாளனுக்கு விருந்து. சைக்கிள் பூட்டுகிறவனுக்கு அப்படி அல்ல. இறுதியில், ஸ்பேனரைத் தொடாமல், விரலால் மட்டும் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் சுற்றினால் முரண்டு பிடித்தது. தலைகீழாகச் சுற்றியபோது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மகிழ்ச்சியில் அதை இறுக்கிய பின்புதான், அச்சோடு வந்த மெல்லிய வாசர் ஒன்று தரையில் கிடப்பதைக் கண்டேன்.

அந்த வாசர் எங்கே போக வேண்டும் என்று கேட்க மூன்றாம் முறையாகக் கடைக்குப் போனேன். பாய் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த வாசரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

“சார், நான் சொல்றதக் கேக்க வர்றீங்களா, மாத்திச் சொல்றனான்னு பாக்க வர்றீங்களா?”

அறுப்பதற்கு முன்

ஃபோர்க்கின் மேற்குழாய் தேவைக்கு அதிகமான நீளத்தில் வரும். ஃபிரேமின் கழுத்து வழியாக அதை நுழைத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மிகுதியை அறுத்துவிட்டுத்தான் ஹேண்டில்பாரைப் பொருத்த வேண்டும். எவ்வளவு விட்டு அறுப்பது? வேகம் வேண்டுமானால் ஒட்ட அறுக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. வயதானவர்களுக்குக் குனிந்தால் முதுகு வலிக்கும், நிறைய விட வேண்டும் என்றது இன்னொரு கட்சி. முதலில் நிறைய விட்டு, ஓட்டிப் பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம் என்றது மூன்றாவது. ஒவ்வொரு கருத்துக்கும் குழாயில் ஒரு பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் சொன்னவரின் முதலெழுத்தையும் பொடியாகக் குறித்துக்கொண்டேன். குழாய் ஒரு தெர்மாமீட்டர்போல் ஆகிவிட்டது.

ஹேக்சா பிளேடோடு குழந்தைசாமி வந்தார். குழாயைப் பிடிக்கும் கருவி என்னிடம் இல்லாததால், துணி சுற்றிக் கதவிடுக்கில் இறுக்கி, அவர் அறுப்பது என்று முடிவாகியிருந்தது. நான் ஒவ்வொரு கோட்டின் நியாயத்தையும் விரிவாக எடுத்துரைத்தேன். அவர் பிளேடை முதல் கோட்டில் வைத்தார், எடுத்தார், மூன்றாம் கோட்டில் வைத்தார், நான் இரண்டாம் கோட்டில் இன்னொரு நயம் இருக்கிறது என்றேன். உள்ளே என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. குழந்தைசாமி பிளேடைத் துணியில் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அறுத்தது ஒட்டாதுங்க சார். எந்தக் கோடுன்னு ஊட்டுக்குள்ளார பேசி முடிச்சுப்போட்டுச் சொல்லியுடுங்க. அதுக்கப்பறம் நான் வாரேன்.”

செயின் காத்திருந்த நாள்கள்

குழாய் இறுதியில் எல்லாவற்றுக்கும் மேலிருந்த கோட்டில் அறுபட்டது. அங்கே அறுத்தால் மற்றக் கருத்துகளுக்கும் இடம் மிஞ்சும் என்பது என் வாதம். இடைவெளியை வளையங்கள் போட்டு நிரப்பினோம். ஹேண்டில்பார் கொக்கின் தலைபோல் உயரத்தில் நின்றது. அடுத்து, செயின். புதுச் செயினும் தேவைக்கு அதிகமான கண்ணிகளோடு வரும். கழற்றி அளவாக்க வேண்டும். முன்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தோடு பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தைச் சேர்த்து அளப்பது ஒரு முறை. சிறியதோடு சிறியதைச் சேர்த்துத் தொய்வு பார்ப்பது ஒரு முறை. பழைய செயினோடு வைத்து ஒப்பிடுவது ஒரு முறை. நம்மிடம் பழைய செயின் இல்லை என்பதை உணர்வதற்குள் கார்த்திகை முடிந்துவிட்டது. பல நாள்கள் செயின், பழைய செய்தித்தாளின் மேல், கிரீஸ் மணத்தோடு சுருண்டு கிடந்தது. நானும் வந்துபோகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவரும் ஒரு கருத்துச் சொன்னார்.

தாராபுரம் பயணத்தின் மற்றப் பெண்கள் அப்போதே அதிகாலையில் பழகத் தொடங்கியிருந்தார்கள். சூலூர்வரை போனோம், பல்லடம்வரை போனோம் என்று திரும்பும் வழியில் எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் மனைவி கேட்டுக்கொண்டு சிரித்து அனுப்பிவைப்பார். ஒருநாள் அவர்கள் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு வந்து, செயின் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்க, இந்த வண்டி முடியோணும்னு நெனைக்கறீங்களா, முடியக்கூடாதுன்னு நெனைக்கறீங்களா? எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லிப்போடுங்க.”

இரு கைக்கு இரு நாடா

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இரண்டு இருந்தன. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததைப் பார்த்தவன் நான். ஸ்கூட்டரை வாங்கியவர் வந்து ஓட்டிக்கொண்டு போன அன்று அவர் தெருமுனைவரை பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தவன் நான். எது என் கருத்து, எது மாற்றுக் கருத்து என்று எனக்கே தெரியவில்லை. பதில் சொல்வதற்குப் பதிலாக வேகமாக வேலை செய்தேன். செயினை அன்று மாலையே அளந்து பூட்டினேன். பெரிய பல் முறைதான்.

பிறகு பிரேக். இரு கைப்பிடிகளிலிருந்து இரு கேபிள்கள். ஒன்று முன்சக்கரத்துக்கு, ஒன்று பின்சக்கரத்துக்கு. எந்தக் கைக்கு எந்தச் சக்கரம் என்பதில் கருத்துகள் பிரிந்தன. இம்முறை தயங்கக் கூடாது என்று உறுதிசெய்து, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தேன்: எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்று பார்த்தேன். காணொளிக்காரர்களில் பெரும்பாலோர் இடக்கைக்கு முன்சக்கரம் என்றார்கள். அப்படியே பூட்டினேன். கேபிள்களின் மேல் கைப்பிடி நாடாவைச் சுற்ற வேண்டும். உள்பக்கமாகச் சுற்றுவதா, வெளிப்பக்கமாகவா என்பதில் மட்டும் ஆள்கணக்குச் சமமாக இருந்தது. இருதரப்பையும் மதித்து, இடக்கைப்பக்கம் உள்நோக்கியும் வலக்கைப்பக்கம் வெளிநோக்கியும் சுற்றிவிட்டேன்.

மார்கழி பாதியில் தங்கவேலு எண்ணெய் டின்னோடு வந்தார். வண்டி முழு வண்டியாக, சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து எண்ணெய் டின்னைக் கீழே வைத்தார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டார், அது நிற்காமல் சுற்றியது. அக்காவிடம், நிபந்தனை ஞாபகம் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது என்றார் என் மனைவி. பிறகு தங்கவேலு ஹேண்டில்பாரின் இரு பக்கங்களையும் மாறிமாறித் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எடது கைய ஒரு ஊரு டெய்லரும் வலது கைய ஒரு ஊரு டெய்லரும் தெச்ச சட்டையாட்டம் இருக்குதுங்க மாமா.”

நான் குனிந்த நேரம்

அடுத்த காலை, ரயில்வே வேலியை ஒட்டிய தெருவில் முதல் ஓட்டம். என் மனைவி சுடிதாரும் தலைக்கவசமும் அணிந்து ஏறி உட்கார்ந்தார். குழந்தைசாமி தம் வாசற்படியில் நின்றார். மூலையில் இஸ்திரி வண்டிக்காரப் பழனியம்மாள் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி மிதித்துப் போன அழகைச் சொல்ல வேண்டும்: ஈராண்டு பின்னிருக்கையில் இருந்தவர்போல் இல்லை. வேலி முனையில் திரும்பி, எங்களை நோக்கி வேகமாக வந்தார். அப்போது பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று சந்திலிருந்து வெளிப்பட்டது. அதே கணத்தில் என் இடுப்பிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. நான் குனிந்தேன்.

கேட்டது மட்டும் சொல்கிறேன்: ரப்பர் தேய்ந்த சத்தம், பிறகு இரும்பு விழுந்த சத்தம், பிறகு மொபெட்காரர் ஏதோ சொல்லிக்கொண்டு போன சத்தம். நிமிர்ந்தபோது என் மனைவி இரு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. சுடிதாரின் பின்பக்கம் புழுதி இருந்தது. ஆனால் போத்தனூரில் எவர் உடையிலும் எந்நேரமும் புழுதி இருக்கும். ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். வலிக்கவில்லை என்றார். பின்சக்கரம் எழும்பிவிட்டது, அம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல் முன்னால் குதித்துவிட்டார் என்றார் குழந்தைசாமி. இல்லை, தரையில் உட்கார்ந்து எழுந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகப் பழனியம்மாள் சொன்னார். என் மனைவியோ, எதுவும் நடக்கவில்லை, இறங்கினேன், அவ்வளவுதான் என்றார்.

வண்டியை நிமிர்த்தி, இடப்பக்கக் கைப்பிடியை அழுத்திக் காட்டினார். முன்சக்கரம் கவ்வி நின்றது. ஸ்கூட்டரில் இடக்கை என்பது பின்பிரேக். வாழ்நாளெல்லாம் அந்தக் கையால்தான் அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். வலது மணிக்கட்டு உடைந்த பிறகு இடக்கை ஒன்றைத்தான் நம்பியும் இருக்கிறார். அந்த முழு நம்பிக்கையையும் நான் கொண்டுபோய் முன்சக்கரத்தில் கட்டிவிட்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“ஊருல அத்தன பேருகிட்டயும் கேட்டீங்க, சிலிண்டர் போடறவருகிட்டக் கூட. ஏறி உக்கார்றவ நான். எந்தக் கையில பிரேக் புடிப்பேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலீங்களே.”

ஒரே வார்த்தை

கேட்டேன். அன்று முழுவதும் அதைத்தான் செய்தேன். எந்தக் கை என்று கேட்டேன். ஹேண்டில்பார் எந்த உயரம் என்று கேட்டேன். சீட்டு எவ்வளவு என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் வந்தது. அதற்கு மாற்று வடிவமே கிடையாது என்பது எனக்கு முதலில் திகைப்பாகவும் பிறகு நிம்மதியாகவும் இருந்தது. வளையங்களில் இரண்டைக் கழற்றியதும் ஹேண்டில்பார் இறங்கியது. குழந்தைசாமி சொல்லாமலே பிளேடோடு வந்து, மிகுதிக் குழாயை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கேபிள்களை இடம் மாற்றுவதற்காக நாடாவைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதை என் மனைவியே முன்னறைத் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது தங்கவேலுவின் போன் வந்தது. செய்தி எப்படியோ வெள்ளகோவில்வரை போயிருந்தது. எந்த வடிவத்தில் போயிருந்தது என்று விசாரிக்க ஆசையாக இருந்தது. அவர் இடம் கொடுக்கவில்லை. சுற்றிவளைக்காமல், அக்கா விழுந்தாரா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். விழுந்தார் என்றால் தாராபுரம் இல்லை. அதன் பிறகு வேறெந்த ஊரும் இல்லை. என் மனைவி நிமிரவில்லை. நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

நேரில் பார்த்த மூவர், மூன்று வடிவங்கள், நானோ குனிந்திருந்தவன். இப்படிப்பட்ட நிலையில் ஆய்வாளன் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் எத்தனையோ மாணவர்களை, நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று திட்டியிருக்கிறேன். போனை மறுகாதுக்கு மாற்றினேன். பிறகு, இறங்கினாள் மாப்பிள்ளை, என்றேன். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். பக்கத்தில்தான் நின்றேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. மறுமுனையில் எண்ணெய்ச் செக்கு ஓடும் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அவர் நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நம்புவது என்று அவரும் அந்த இரைச்சலுக்குள் முடிவெடுத்திருக்கலாம்.

“செரிங்க மாமா. அப்பத் தாராபுரம் பாலத்துக்கிட்ட நான் வந்து நிக்கறேன்னு அக்காகிட்டச் சொல்லிப்போடுங்க.”

சொன்னேன். என் மனைவி நாடாவைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார். உள்நோக்கியா வெளிநோக்கியா என்று நான் கவனிக்கவில்லை. இரு பக்கமும் ஒரேமாதிரி இருந்தது.

தை மாதம் அவர் போனதும் வந்ததும் உண்மை. நடுவில் நடந்ததற்கு, நானறிந்த வரையில், பல முடிவுகள் வழங்குகின்றன. பாலத்தின் முழு நீளத்தையும் மிதித்துக் கடந்து, அமராவதிக்கு அக்கரையில்தான் காலை ஊன்றியதாக என் மனைவி சொல்கிறார். பாலத்தின் இக்கரையிலேயே தாம் டிபன் கேரியரைக் காட்டி நிறுத்தி, வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டதாகத் தங்கவேலு வெள்ளகோவிலில் சொல்லிவருகிறார். உடன் போன பெண்கள் சொல்லும் வடிவத்தில், டிபன் தீர்ந்த பிறகு தங்கவேலுவே அந்தச் சைக்கிளில் ஏறிப் பாலத்தில் ஒரு சுற்றுப் போய்வந்திருக்கிறார். உக்கடத்தில் அபுதாகிர் பாய் கடையில் இந்தக் கதை இன்னும் வளர்ந்துவிட்டது. அங்கே தாராபுரம்வரை மிதித்துப் போனவன் நான்தான். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. போன வாரம்கூடப் பாய் அந்தக் கதையை என் முன்னாலேயே ஒருவரிடம் சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைப் பார்த்தார். தலையை எப்படி வேண்டுமானாலும் பொருள்படும்படி ஆட்டிவைத்தேன்.

இத்தனை பேரிடம் கேட்டுப் பூட்டிய வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆயினும் மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த மெல்லிய வாசர் அதில் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதுவரை ஒரு வடிவம்கூடக் கிடைக்கவில்லை.